ஆளில்லாத நிலையத்தின் அதிபர்

பயணி ஒருவர் வண்டியிலோ மேடையிலோ தவறவிட்டுச் சென்ற எந்தப் பொருளும் கண்டெடுக்கப்பட்ட அன்றே நிலைய அதிபரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அவர் அதைப் பதிவேட்டில் பதிந்து, அடையாளத் துண்டு கட்டி, அடுத்த வண்டியில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். எந்த உத்தியோகத்தரும் அப்படியான பொருளைத் தன் வசம் வைத்திருக்கக் கூடாது. நான் வேலை பார்த்த புகையிரதப் பகுதியின் விதிப்புத்தகத்தில் இது ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் ஏறக்குறைய இப்படி வரும். இருபத்தாறு வருடம் இந்த விதியை எனக்குக் கீழே இருந்தவர்களுக்குப் படிப்பித்தேன். பிறகு, மற்றொருவருடைய பொருளை ஐந்து மாதம் என் கோட்டுப் பையில் வைத்திருந்தேன்.

இலங்கையில் போரால் வடக்குக்கு வண்டி நின்றுபோன பிறகு சில காலம் நான் நிலையம் இல்லாத நிலைய அதிபராக இருந்தேன். அரசாங்கம் சம்பளம் தந்தது, வண்டி தரவில்லை. பின்னர் மூத்த மகன் பொறுப்பேற்று எங்களை மொன்றியலுக்கு அழைத்தான். அந்த நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் மாத்திரைப் போத்தல்களுக்கு மூடி போடும் தொழிற்சாலை ஒன்றில் ஏழு வருடம் நின்றேன். அங்கும் ஒரு கைந்நூல் இருந்தது. பிரெஞ்சில் இருந்த அதை அகராதி வைத்து முழுவதும் வாசித்த ஒரே தொழிலாளி நான்தான் என்று மேற்பார்வையாளர் சொன்னார். அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. அறுபத்தைந்தில் அங்கிருந்தும் ஓய்வு பெற்றேன். இரண்டு உத்தியோகத்திலும் என் கோப்பில் ஒரு கறுப்புப் புள்ளியும் இல்லை. இதை இங்கே எழுதுவது பெருமைக்கு அல்ல, பின்னால் நடந்ததை விளங்கிக்கொள்ள இது வேண்டும்.

2005இல் எங்கள் மகள் ஜப்பானில் ஒரு சிறிய ஊரில், பாடசாலையில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தாள். மருமகனுக்கு அங்கிருந்து ஒரு மணித்தியாலத் தொலைவில் வேலை. ஒக்ரோபரில் அவளுக்குப் பிள்ளை பிறக்கவிருந்ததால் நானும் மனைவியும் போனோம். மனைவி பத்தியச் சமையலுக்கு ஒரு பெட்டி நிறையச் சரக்குத்தூளும் உள்ளியும் வேர்க்கொம்பும் கொண்டுபோனாள். பிள்ளை பிறந்த வீட்டில் அவளுக்கு வேலை இருந்தது. எனக்கு இல்லை. மூன்றாம் நாளே, "இஞ்சேருங்கோ, குறுக்கை நெடுக்கை நிக்காமல் எங்கையாவது போய்ட்டு வாங்கோ" என்றாள். வீட்டிலிருந்து எட்டு நிமிட நடையில் ஒரு புகையிரத நிலையம் இருந்தது. என்னை வெளியே அனுப்பினால் நான் வேறு எங்கே போவேன்.

அந்த நிலையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அதை இன்னும் என்னால் சரியாக உச்சரிக்க முடியாது. தவிர, நான் செய்த காரியத்துக்கு அந்த ஊரைச் சாட்சிக்கு இழுப்பதும் நியாயம் இல்லை.

ஒரு தண்டவாளம், ஒரு மேடை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வெண்காயத் தோட்டம். மரத்தால் கட்டிய ஒரு காத்திருப்பு அறை. அதில் இரண்டு வாங்குகள், வாங்குகளின் மேல் யாரோ பழந்துணியில் தைத்துப் போட்ட மெத்தைகள். அவற்றை யாரும் கட்டிவைக்கவில்லை, யாரும் எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. என் நிலையம் ஒன்றில் சுவர் மணிக்கூட்டையே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ரிக்கற் கொடுக்கும் யன்னல் பலகை அடித்து மூடப்பட்டிருந்தது. அதன் முன்னால் ஒரு போத்தலில் பூ. வெளியேறும் வாசலில் தகரப் பெட்டி ஒன்று, மேலே ஒரு வெட்டு. இறங்குகிறவர்கள் ரிக்கற்றை அதில் போட்டுவிட்டுப் போகவேண்டும். போடாமல் போனால் கேட்பதற்கு ஆளில்லை. அந்த நிலையத்தில் உத்தியோகத்தர் என்று ஒருவருமே கிடையாது. பத்து வருடமாகவே அப்படித்தான் என்று மகள் சொன்னாள்.

முதல் நாள் முழுவதும் அந்தப் பெட்டியை நான் நம்பவில்லை. மறைந்து நின்று எண்ணிப் பார்த்தேன். காலை வண்டியில் பதினொரு பேர் இறங்கினார்கள். மாணவர்கள் நால்வர் பருவச்சீட்டை வெறும் வாசலுக்குக் காட்டிவிட்டுப் போனார்கள். மிச்சம் ஏழு பேரும் பெட்டியில் போட்டார்கள். வெறும் வாசலுக்குப் பருவச்சீட்டைக் காட்டும் மனிதர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை.

வண்டிச் சாரதியையும் சொல்லவேண்டும். வெள்ளைக் கையுறை போட்ட இளம் ஆள். புறப்படுமுன் கையை நீட்டிச் சமிக்ஞையைச் சுட்டிக்காட்டி அது பச்சை என்று உரத்துச் சொல்வார். பிறகு மணிக்கூட்டைச் சுட்டிக்காட்டி நேரத்தைச் சொல்வார். கதவைச் சுட்டிக்காட்டிக் கதவு மூடியாயிற்று என்பார். ஒருவரும் இல்லாத மேடையில், மழையில், தனக்குத் தானே. அது அவர்களுடைய விதி என்றும், வாயால் சொன்னால் கண் பிழை விடாது என்றும் மகள் விளங்கப்படுத்தினாள். மேற்பார்வையாளர் வருகிறார் என்று தந்தி வந்த நாளில் மட்டும் விதிப்படி நடந்தவர்களோடு என் காலம் கழிந்தது. அந்தப் பெடியனை எனக்குப் பிடித்துவிட்டது. அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன்.

நான் போட்டுக்கொண்டு போன கோட்டு மொன்றியலில் மலிவு விற்பனையில் வாங்கிய இலையுதிர்காலக் கோட்டு. கடும் நீலம், முன்னால் இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான். தலையில் விளிம்பு வைத்த கறுப்புத் தொப்பி. காலை ஏழு நாற்பத்திரண்டு வண்டி வரும்போது மழைத்தூறலுக்கு ஒதுங்கி வாசலில், தகரப் பெட்டிக்கு அருகே நின்றேன். இறங்கிய முதல் ஆள் முதுகில் பொதி கட்டிய ஒரு வயதான பெண். என்னைப் பார்த்தார், தலை குனிந்தார், ரிக்கற்றை நீட்டினார்.

நான் யோசித்திருந்தால் கையைப் பின்னால் இழுத்திருப்பேன். ஆனால் கை யோசிப்பதில்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் தாமாகவே போய் வாங்கின. வாங்கியதும் கண் தானாகவே திகதியைப் பார்த்தது. திகதி சரி. நானும் தலை குனிந்தேன். பின்னால் வந்தவர் இதைப் பார்த்துவிட்டுத் தன் ரிக்கற்றையும் நீட்டினார். அவருக்குப் பின்னால் வரிசை.

வண்டி போனதும் எல்லாவற்றையும் எண்ணித் தகரப் பெட்டிக்குள் போட்டேன். ஏழு. ரிக்கற் சேகரிக்க அதிகாரம் இல்லாத எவரும் அதைச் செய்யலாகாது என்றும் ஒரு விதி உண்டு. ஒருமுறை அந்த விதியின் கீழ் ஒருவனைப் பொலிஸில் ஒப்படைத்திருக்கிறேன். வீடு வரும் வழியில் அவனை நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அடுத்த நாள் காலை ஏழரைக்கே போய் நின்றேன்.

"எங்கை இந்த விடியக்காலமை?" மனைவி குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டே கேட்டாள்.

"சும்மா, நடக்க."

"நடக்கிறதுக்கு ஏன் சவரம்?"

மறைக்க முடியவில்லை. சொன்னேன். அவள் காதில் இருந்த கருவியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தாள். சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகம் வந்தால் அப்படிச் செய்வாள்.

"ரிக்கற் வாங்குறியளோ?"

"அவையாத் தருகினம்."

"பிச்சைக்காரரும் அப்பிடித்தான் சொல்லுவினம். சரி, போங்கோ. சம்பளம் இல்லாத உத்தியோகம் எண்டாலும் உங்கடை முகம் இண்டைக்கு நல்லாயிருக்கு."

ஐந்து வாரம் அப்படிப் போயிற்று. ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளும் வண்டியின் அதே பெட்டியில், அதே கதவால் இறங்குகிறார்கள் என்பதைக் கண்டுகொண்டேன். இறங்காமல் அடுத்த ஊருக்குப் போகிறவர்களும் அதே இருக்கையில், அதே யன்னலில். யார் வரவில்லை என்று எனக்குத் தெரியத் தொடங்கியது. ஒரு தாத்தா இரண்டு நாள் காணாமல் போய் மூன்றாம் நாள் வந்தபோது நான் அவரை நலம் விசாரித்தேன், தமிழில். அவர் நெடுநேரம் பதில் சொன்னார், ஜப்பானிய மொழியில். வயிற்றைத் தடவிக் காட்டியதால் வயிற்றுக் கோளாறு என்று எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் திரும்ப வேண்டிய நாளும் காலையில் போனேன். எல்லோரும் போனபின் கடைசியாக, வேலைச் சட்டை போட்ட நடுத்தர வயது மனிதர் ஒருவர் வந்தார். என் கையில் ரிக்கற்றை வைத்தார், பிறகு பச்சைக் கோடு போட்ட கைக்குட்டையில் சுற்றிய சிறிய பொருள் ஒன்றையும் வைத்தார். திரும்பி வண்டியைக் காட்டினார்: இரண்டாவது பெட்டி, பின் கதவுக்கு அருகே, ஆற்றுப் பக்கத்து யன்னல். ஒரு நீண்ட வசனம் சொன்னார். தவறவிட்ட பொருளைக் கொண்டுவந்து தருகிறவன் உலகம் முழுவதும் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறான். எனக்கு ஒரு சொல்லும் தெரியாமலே முழுவதும் விளங்கியது. பொறுப்பேற்கிறேன் என்று தலை குனிந்தேன். அவர் நிம்மதியாகப் போனார்.

பொருளைக் கோட்டின் உட்பக்கத்து இடது பையில் வைத்தேன். வேலையில் இருந்த காலம் முழுவதும் அப்படியான பொருட்களை அங்கேதான் வைப்பேன், மேசைக்குப் போய்ப் பதிவேட்டில் எழுதும்வரை. வீட்டுக்குப் போனதும் மகளிடம் சொல்லிப் பெரிய நிலையத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். வீட்டு வாசலில் வாடகைக் கார் அரை மணி முந்தி வந்து நின்றது. மகள் அழுதுகொண்டு நின்றாள். மனைவி பெட்டிப் பூட்டின் திறப்பைத் தேடிக்கொண்டு நின்றாள். அந்தப் பை என் ஞாபகத்திலிருந்து போயிற்று. என் ஞாபகம் எப்போதும் பதிவேட்டைக் கண்டால்தான் வேலை செய்திருக்கிறது. அங்கே மேசையும் இல்லை, பதிவேடும் இல்லை.

மொன்றியலில் இறங்கியபோது முழங்கால் அளவு பனி. மகன் விமான நிலையத்துக்கே எங்கள் தடித்த கோட்டுகளைக் கொண்டுவந்திருந்தான். நீலக் கோட்டு அலுமாரிக்குள் போய்த் தொங்கியது. இந்த ஊரில் ஒரு கோட்டை உள்ளே வைத்தால் ஏப்ரல்வரை அதை ஒருவரும் தொடமாட்டார்கள்.

ஏப்ரலில் மனைவிதான் அதை வெளியே எடுத்தாள், கழுவக் கொடுப்பதற்கு. பைகளைத் தட்டிப் பார்ப்பது அவளுடைய விதி. நான் குசினியில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கைக்குட்டை அவிழ்ந்திருந்தது. உள்ளே ஒரு சிறிய நீலப் பெட்டி, அதற்குள் காதுக்குப் பின்னால் மாட்டும் கேட்கும் கருவி ஒன்று.

"இது ஆரின்ரை?"

சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கதிரையில் மெல்ல இருந்தாள்.

"அஞ்சு மாசம்," என்றாள்.

"ஓம்."

"அஞ்சு மாசமா ஒரு சீவன் காது கேளாமல் இருக்குது. நீங்கள் இஞ்சை பேப்பர் வாசிக்கிறியள்."

மனைவிக்குக் காது குறைந்தது இங்கே வந்த நாலாம் வருடத்தில். கருவி கிடைக்க முன் இருந்த ஒரு வருடத்தை அவள் எப்போதும் சொல்வாள். தண்ணீருக்கு அடியில் இருந்துகொண்டு மேலே போகிறவர்களின் வாயைப் பார்க்கிற மாதிரி என்பாள். கோயிலில் எல்லோரும் எழும்பினால் எழும்புவாள், சிரித்தால் சிரிப்பாள். பேருந்தில் இறங்கும் இடம் தவறிவிடும் என்று வெளியே போவதையே விட்டிருந்தாள். அந்த வருடம் நான் விண்ணப்பப் படிவங்களைப் பிழையில்லாமல் நிரப்பினேன், அவ்வளவுதான்.

கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். காதுக்குள் வைக்கிற, அச்சு எடுத்துச் செய்த பகுதியை விரலால் தடவினாள்.

"வலது காது. சின்னக் காது. இது இன்னொருத்தருக்கும் பொருந்தாது. வைச்சிருந்தாலும் ஒண்டுதான், குப்பையிலை போட்டாலும் ஒண்டுதான். அந்த ஆளுக்கு மட்டும்தான் இது மெசின்."

"புதுசு வாங்கியிருப்பினம்."

"எனக்கு எவ்வளவு காலம் எடுத்தது?"

பதினான்கு மாதம் எடுத்தது.

மகளின் வேலை ஒப்பந்தம் மார்ச்சில் முடிந்து, அவள் குடும்பத்தோடு வந்து, மொன்றியலுக்கு அருகே புரோசார்டில் குடியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே போனோம். மேசையில் கருவியை வைத்தேன். நான் தயாரித்துக்கொண்டு போன அறிக்கையையும் வைத்தேன். ஆங்கிலத்தில் நாலு பக்கம், இருபத்திரண்டு பந்தி, ஒவ்வொன்றுக்கும் இலக்கம். அதை ஜப்பானிய மொழியில் எழுதித் தரவேண்டும் என்றேன்.

மகள் முதலாவது பக்கத்தை வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"அப்பா, உண்மையா ரிக்கற் வாங்கினனீங்களோ?"

"அம்மா சொல்லேல்லையோ?"

"அம்மா பகிடி விட்டவ எண்டு நினைச்சன். அப்ப அது நீங்கள்தான். பக்கத்து வீட்டு மனிசி எனக்குச் சொன்னவ, ஸ்ரேசனுக்கு ஒரு வெளிநாட்டு ஒபிசர் போட்டிருக்கினம், நல்ல மனிசன் எண்டு. நீங்கள் போனாப் பிறகு, ஏன் அவரை மாத்திப்போட்டினம் எண்டு கேட்டவ."

மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனார்.

"இதுகளை எல்லாம் எழுதத் தேவையில்லை," என்றாள் மகள். "கண்டெடுத்தன் எண்டு ரெண்டு வரி எழுதுவம்."

"எங்கை கண்டெடுத்தனான்?"

"மேடையிலை."

"மேடையிலை எண்டால் அந்த ஊர்ச் சனத்திட்டைத்தான் கேப்பினம். இது அங்கை இறங்கின ஆளின்ரை இல்லை. இறங்கியிருந்தால் அடுத்த நாள் நான் நிக்கேக்கையே வந்து தேடியிருக்கும். இது அங்காலை போற ஆளின்ரை; அண்டைக்கு அந்த இருக்கை வெறுமை, முதல் நாள் விட்டிட்டுப் போனது."

"அப்ப வண்டியிலை கண்டெடுத்தன் எண்டு."

"நான் அந்த வண்டியிலை ஏறவே இல்லை. ஏறாத வண்டியிலை எப்பிடிக் கண்டெடுக்கிறது? கேட்டால்?"

"ஆரும் கேக்க மாட்டினம், அப்பா."

"நான் எண்டால் கேப்பன்."

அவளுக்கு நான் பிடிவாதம் பிடிப்பதாகத்தான் தெரிந்திருக்கும். உண்மையில் நானும் பஸ்ஸில் வரும்போது அதே இரண்டு வரியை மனதுக்குள் எழுதிப் பார்த்திருந்தேன். ஆனால் ஆளைக் கண்டுபிடிக்க உதவக்கூடிய தகவல் என்னிடம் ஒன்றுதான் இருந்தது: ஏழு நாற்பத்திரண்டு வண்டி, இரண்டாவது பெட்டி, பின் கதவு, ஆற்றுப் பக்கத்து யன்னல். அந்த இருக்கையில் ஒவ்வொரு நாளும் இருப்பவர் ஒருவர்தான். சாரதிக்கே முகம் தெரிந்திருக்கும். இந்தத் தகவலைச் சொன்னால் அது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், அதிகாரமில்லாத ஒருவன் ஐந்து வாரம் அவர்களுடைய வாசலில் ரிக்கற் சேகரித்தான் என்பதை அவனே எழுதிக் கையெழுத்து வைத்ததாகும். அப்படி ஒரு கடிதம் என் மேசைக்கு வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மனைவி எழும்பி, கருவியைக் கைக்குட்டையில் சுற்றினாள்.

"உள்ளதை எழுதுங்கோ," என்றாள். "வெக்கம் உங்களுக்கு. காது அந்த ஆளுக்கு."

உள்ளதை எழுதினோம். இருபத்திரண்டு பந்தியை மகள் பதினொரு வரியாக்கினாள். அதில் ஐந்து வரி மன்னிப்பு என்றாள், அந்த மொழியில் அதற்குக் குறைய எழுத முடியாதாம். ஆளில்லாத நிலையத்துக்குக் கடிதம் அனுப்ப முடியாது என்பதால், அந்தப் பாதையைப் பார்த்துக்கொள்ளும் பெரிய நிலையத்தின் அதிபருக்கு முகவரி எழுதினோம்.

எங்கள் வீட்டுக்குக் கிட்ட மருந்துக்கடை ஒன்றின் பின்பக்கத்தில் தபால் கவுண்டர் இருக்கிறது. சுங்கப் படிவத்தில், பொருள் எதற்காக அனுப்பப்படுகிறது என்று ஒரு கட்டம். அன்பளிப்பு, விற்பனை, மாதிரி, மற்றவை. கவுண்டரில் நின்ற பெண், "பொன்ஜூர், கடோ?" என்று கேட்டாள். அன்பளிப்பா என்று. இல்லை, திருப்பிக் கொடுக்கிறேன் என்றேன். திருப்பிக் கொடுப்பதென்றால் அவர்களிடம் வாங்கியதா என்றாள். இல்லை. அவர்கள் உங்களுக்கு அனுப்பியதா. இல்லை. அப்படியென்றால் யாருடையது. தெரியாது என்றேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. பாவம், அவள் தானே பேனையை எடுத்து, மற்றவை என்ற கட்டத்தில் புள்ளடி போட்டு, பக்கத்தில் 'காது' என்று மட்டும் எழுதினாள். என் வாழ்க்கையில் நான் ஆட்சேபிக்காமல் விட்ட முதலாவது படிவம் அதுதான்.

அது மே மாதம் முதல் கிழமை. பதிவுத் தபால் போய்ச் சேர்ந்ததாகப் பத்து நாளில் அறிந்துகொண்டோம். பிறகு ஒன்றும் இல்லை.

கடிதம் வராவிட்டால் ஆறு கிழமையில் முதலாம் நினைவூட்டல், அதிலிருந்து நாலு கிழமையில் இரண்டாம் நினைவூட்டல். இரண்டையும் அனுப்பினேன். மகள் சலித்துக்கொண்டே எழுதித் தந்தாள். ஜூலையில் மனைவி தினமும் பதினொரு மணிக்குக் கீழே இறங்கித் தபால் பெட்டியைத் திறக்கத் தொடங்கினாள். வழக்கமாக அது என் வேலை. நானாக இருந்தால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவேன். அவள் உள்ளே கையை விட்டுத் துழாவுவாள், பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று.

"அந்த ஆள் செத்துப்போச்சோ தெரியாது," என்றாள் ஒருநாள் சாப்பிடும்போது.

"விசாரணை நடக்குதாக்கும்."

"என்ன விசாரணை?"

"என்னைப் பற்றித்தான்."

அவள் சோற்றைப் பிசைந்தாள். "நடத்தட்டும். நடத்திப்போட்டு அதைக் குடுத்தால் சரி."

உண்மையில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. என்ன செய்துவிடுவார்கள் என்ற பயம் இல்லை. அறுபத்தெட்டு வயதுக்காரனைக் கடல் கடந்து வந்து ஒருவரும் பிடிக்கமாட்டார்கள். வெள்ளைக் கையுறை போட்ட அந்தச் சாரதியிடம் என் கடிதத்தைக் காட்டி, இந்த ஆளைத் தெரியுமா என்று கேட்பார்கள். அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்பதுதான். ஐந்து வாரம் ஒவ்வொரு காலையும் புறப்படுமுன் எனக்கும் ஒருமுறை தலை குனிந்தவர் அவர். உத்தியோகத்தன் உத்தியோகத்தனுக்குச் செய்கிற மரியாதை அது. அதை நான் பொய்யாக வாங்கியிருந்தேன்.

செப்டெம்பரில் ஒரு காலை மனைவி படிகளில் ஏறிவரும் சத்தம் கேட்டது. மின்தூக்கிக்குக் காத்திருக்கவில்லை. கையில் ஒரு நீள உறை, முத்திரைகள் நிறைய.

"திறவுங்கோ."

திறந்தேன். இரண்டு தாள், இரண்டும் ஜப்பானிய எழுத்து. அடியில் சிவப்பில் சதுர முத்திரைகள் மூன்று. மூன்று அதிகாரிகளின் மேசையைக் கடந்திருக்கிறது என்பது மட்டும் எனக்கு விளங்கியது. ரெலிபோனில் வாசித்துக் காட்ட முடியாத கடிதம். உடுப்பை மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டோம். மெட்ரோவில் நகர மத்திக்கு, அங்கிருந்து பஸ்ஸில் பாலத்தைக் கடந்து புரோசார்டுக்கு. மனைவி உறையைக் கைப்பையில் வைத்து, கைப்பையை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை மணித்தியாலப் பயணம். பாலத்தில் வாகனங்கள் நெரிந்து பஸ் நின்றபோது, "அவை மறுமொழி போட்டிருக்கினம் எல்லே," என்று மட்டும் சொன்னாள். ஓம் என்றேன். மறுமொழி போடுவதற்கும் பொருளைக் கொடுப்பதற்கும் உள்ள தூரத்தை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே கடிதத்தை வாங்கி, வாசலில் நின்றபடி வாசித்தாள். முதலில் தனக்குள், பிறகு தமிழில்.

கருவி, சொல்லப்பட்ட வண்டியின் சொல்லப்பட்ட இருக்கையில் பயணம் செய்து வந்த ஒரு பெண்மணியுடையது. அவர் குளிர்காலத்திலிருந்து வண்டியில் வருவதை நிறுத்தியிருந்ததால் கண்டுபிடிக்கத் தாமதமாயிற்று, அதற்கு மன்னிக்கவும். சாரதி ஒருவர் அடையாளம் சொன்னதன்பேரில் அவருடைய வீட்டுக்கே கொண்டுபோய் ஒப்படைக்கப்பட்டது. புதிய மின்கலம் போட்டபின் கருவி நன்றாக வேலை செய்கிறது. அவர் இப்போது மீண்டும் காலை வண்டியில் போகிறார். இரண்டாவது தாள், அவர் பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டு.

மனைவி வாசல்படியிலேயே இருந்துவிட்டாள். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, ஒரு எழுத்தும் தெரியாமல், மேலிருந்து கீழாக முழுவதையும் பார்த்தாள்.

"இன்னும் ஒரு வரி கிடக்கு," என்றாள் மகள். "உங்களுக்கு."

"வாசி."

"ரிக்கற் சேகரித்தது பற்றித் தாங்கள் எழுதியவை கவனத்தில் எடுக்கப்பட்டன." அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "அவ்வளவுதான், அப்பா. இதுக்கு என்ன அர்த்தம்? நடவடிக்கை எடுப்பினமோ?"

கவனத்தில் எடுக்கப்பட்டது என்ற வசனத்தை நானே எத்தனையோ கடிதங்களில் எழுதியிருக்கிறேன். யாரையாவது தண்டிக்க வேண்டியிருந்து, தண்டிக்க மனமில்லாமல், அதேநேரம் கோப்பையும் மூடவேண்டியிருந்த நாட்களில். அலுவலகக் கடிதத்தில் எழுதக்கூடிய மிக இரக்கமான வசனம் அதுதான். மகளுக்கு அதை விளங்கப்படுத்தாமல், கடிதத்தை வாங்கி, எனக்குத் தெரியாத எழுத்தில் அந்த வரியைத் தேடினேன். மனைவி நிமிர்ந்து பார்த்துவிட்டு, தேத்தண்ணி வை பிள்ளை என்று மகளை உள்ளே அனுப்பினாள்.

பிறகு உள்ளே போய், மேசையில் இருந்து பேனையை எடுத்து, கடிதத்தின் மேல் மூலையில், கிடைக்கப்பெற்ற திகதியை எழுதினேன்: 19 செப்டெம்பர் 2006, செவ்வாய்க்கிழமை.